கண்மாய் ஊரில் மழைக்காலம்: புதிதாக உதவ வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புயல், வெள்ளம் எல்லாம் கடற்கரைக்காரர்கள் கவலை என்று மதுரைப் பக்கம் ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், திண்டுக்கல், கொடைக்கானல் வரை வந்து மரங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் குளங்கள் உடைந்து, ஊர்கள் தீவாக நின்றன. அந்த மழை நூற்றைம்பது கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் பெய்திருந்தால் உடைந்திருப்பது நம் கண்மாய்கள், அதாவது நம் பாசன ஏரிகள்தான்.

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் முதல் தடவையாக மழை, வெள்ள உதவி வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இளைஞர் மன்றம், மகளிர் குழு, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம், வேலையை விட்டு ஊர் திரும்பியவர்கள் என்று யாராக இருந்தாலும் சரி. மழை கொட்டுகிற அன்று நம்மால் செய்ய முடிவது கொஞ்சம். ஊர் தப்பிப்பது அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் நடந்த வேலையால்; ஊர் மீள்வது மழை விட்ட பத்து நாளில் எழுதி வைத்த காகிதத்தால். அதனால் ஒரு நீள நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் குறித்தால் போதாதா என்று கேட்பீர்கள். இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது போன் எதற்கும் உதவாது.

நீர்பாய்ச்சியோடு கரையில் நடப்பது

ஆடி, ஆவணியில் கண்மாய் வறண்டு கிடக்கும். கண்மாய் மடையைத் திறந்து அடைத்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற உங்கள் ஊர் நீர்பாய்ச்சியை அப்போதே தேடிப் பிடியுங்கள். சில ஊரில் மடைக்காரர் என்பார்கள். அவர் வேலையை விட்டிருக்கலாம், வயதாகித் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். எந்த மழைக்கு எத்தனை நாளில் கண்மாய் பெருகும், எந்த மூலையில் கரை கசியும் என்பது அவர் கையில்தான் இருக்கிறது. ஒரு காலை வேளையில் அவரைக் கூட்டிக்கொண்டு கரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து, கேட்டதையெல்லாம் எழுதுங்கள். மேலே எந்தக் கண்மாய் மறுகால் போனால், அதாவது நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியேறினால், நம் கண்மாய்க்குத் தண்ணீர் வரும்? நாம் நிறைந்தால் அடுத்து எந்த ஊருக்குப் போகும்? கடைசியாக எந்த வருசம் உடைந்தது, எந்த இடத்தில்? பழைய உடைப்பை அடைத்த இடம் எப்போதும் கொஞ்சம் பலம் குறைந்ததாகவே இருக்கும். அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு பூசி வையுங்கள். இருட்டில் டார்ச் அடித்தால் தெரியும்.

நம் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. மேல் கண்மாயின் கலுங்கில் (மிச்சத் தண்ணீர் வெளியேறக் கட்டிய வழி) பாயும் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. சங்கிலி மாதிரி ஒன்றில் ஒன்று கோத்திருக்கிறது. மேலே ஒன்று உடைந்தால் ஒரு ராத்திரியில் கீழே நாலு உடையும். ஆகவே மேல் ஊரில் ஒருவர், கீழ் ஊரில் ஒருவர் என்று இரண்டு போன் நம்பர் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். "அண்ணே, உங்க கலுங்கு பாய ஆரம்பிச்சா எனக்கு ஒரு மிஸ்டுகால் குடுங்க" என்று சொல்லி வைத்தால் போதும். அந்த ஒரு அழைப்பு உங்கள் ஊருக்குச் சில மணி நேரம் முன்கூட்டித் தரும்.

கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கண்மாய் பாயும் நிலமான ஆயக்கட்டு 40 எக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ராத்திரி பதினொரு மணிக்குக் கரை கசியும்போது யாரைக் கூப்பிடுவது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கலுங்கை நிதானமாகப் பாருங்கள். நிறைந்த கண்மாய்க்கு அதுதான் உயிர்மூச்சு. நம் ஊர்களில் கலுங்கு அடைபட இரண்டு காரணம் உண்டு. கூடுதலாக ஒரு அடி தண்ணீர் நிற்கட்டும் என்று ஆயக்கட்டுக்காரர்கள் கலுங்கின் மேல் கல்லோ மூட்டையோ அடுக்குவது ஒன்று. மீன் வெளியே போகாமலிருக்க, மீன் பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவர் கலுங்குக்குக் குறுக்கே வலை கட்டுவது இன்னொன்று. கண்மாய் பெருகும்போது ஆகாயத்தாமரையும் முள்ளும் வைக்கோலும் மிதந்து வந்து அந்த வலையில் அப்பிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் வலை சுவராகிவிடும். தண்ணீர் போக வழியில்லாமல் கரையின் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போய் அங்கே வழிய ஆரம்பிக்கும். மண் கரைக்கு மேலே தண்ணீர் வழிந்தால் அதற்குப் பிறகு அதை நிறுத்த யாராலும் முடியாது.

ஏலக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அது அவர் போட்ட முதல். "மாமா, மறுகால் போற அன்னைக்கு ராத்திரி வலையை யாரு அவுக்குறது?" என்று மட்டும் கேளுங்கள். அவரே ஒரு ஆளைச் சொல்வார். அந்தப் பெயரும் நம்பரும் நோட்டுக்குப் போகட்டும். கலுங்கின் மேல் அடுக்கிய மூட்டைகளை எடுப்பதைப் பற்றி ஆகஸ்ட் 15 கிராம சபையில் பேசி, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முடிவு எடுங்கள். மழை வந்தபின் அதைத் தொட்டால் மேலாயக்கட்டும் கீழாயக்கட்டும் அடித்துக்கொள்ளும்.

கரையில் நண்டு வளை, எலி வளை இருந்தால் களிமண் திணித்துக் கட்டையால் கெட்டித்து அடைக்க வேண்டும். சீமைக்கருவேலத்தைப் புரட்டாசியில் வேரோடு பிடுங்காதீர்கள். வேர் இருந்த பொந்து வழியே தண்ணீர் ஊடுருவும். இப்போதைக்கு அடியோடு வெட்டி விடுங்கள், வேரைக் கோடையில் தோண்டிக் குழியை நிரப்பிக்கொள்ளலாம். வரத்துக்கால்வாயில் நடந்து பாருங்கள். பாலத்துக்கு அடியிலும் குழாய்ப் பாலத்திலும் அடைத்துக் கிடக்கும் குப்பையை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கரையோரம் ஒரு டிராக்டர் செம்மண் கொட்டி வையுங்கள். வெற்றுச் சாக்கு நூறு, இருநூறு, சவுக்குக் கம்பு, மண்வெட்டி, கடப்பாரை, சாந்துச் சட்டி, கயிறு எல்லாம் ஒரே இடத்தில் பூட்டி, சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஜேசிபி, டிராக்டர், மரம் அறுக்கும் மிஷின், ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் யார் யார் என்று ஒரு பக்கம். இதற்கு அக்டோபர் 2 கிராம சபையை விட்டால் நல்ல நாள் கிடையாது. வடகிழக்குப் பருவமழை இறங்க இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும், ஊரே கூடியிருக்கும்.

வீடு வீடாக ஒரு பட்டியல்

நிவாரண லாரியை விட இந்தப் பட்டியல் அதிக உயிரைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தெருவுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக எத்தனை பேர், தனியாக இருக்கும் முதியவர் யார், எழுந்து நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணிக்கு எந்த மாதம், இன்சுலின் போடுகிறவர், டயாலிசிஸ் போகிறவர், மண் சுவரா, ஓடா, தகரமா, ஆடு மாடு எத்தனை, திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் மகனின் நம்பர் என்ன என்று எழுதுங்கள்.

இதை எடுக்கச் சரியான ஆட்கள் மகளிர் குழுவினர். ஒவ்வொருவருக்கும் பத்துப் பன்னிரண்டு வீடு அத்துபடி. கிராம சுகாதார செவிலியரும், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணும் இன்னும் துல்லியமாகச் சொல்வார்கள். மூன்று நகல் எடுத்து, ஒன்றை ஊராட்சி செயலரிடமும் ஒன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் கொடுங்கள். ஆபத்து வந்தால் முதலில் உதவ வேண்டிய, ஊரின் முதல்நிலைப் பொறுப்பாளர்கள் என்று வருவாய்த்துறையிடம் ஒரு பட்டியல் இருக்கும். அதில் இருப்பவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்களா, போன் எடுக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

பட்டியல் எடுக்கும்போதே யார் எங்கே போய்த் தங்குவது என்று பேச வேண்டும். இதில் எல்லாரும் ஒரு இடத்தில் வழுக்குவார்கள். ஒரு அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்:

"அப்பத்தா, மழை ரொம்பப் பெஞ்சா பள்ளிக்கூடத்துக்கு வந்துருவீகளா?"

"நான் வந்துட்டா இந்த நாலு ஆட்டை யாருடா பாக்குறது? அதுகளோடவே கெடந்துக்கிறேன், போ."

அவர் பிடிவாதக்காரர் இல்லை. அந்த நாலு ஆடுதான் அவர் சேமிப்பு. ஆடு மாடு கட்ட ஒரு மேடான இடம், ஒரு தகரக் கொட்டகை, இரண்டு நாளைக்கு வைக்கோல் என்று முதலில் ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் கேட்டால், சரி என்பார். ஆட்டுக்கு இடமில்லாத முகாமுக்கு ஊரில் பாதிப்பேர் வர மாட்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஊர்களில் தாழ்வான இடத்தில், கண்மாய்க்கு அடியில் இருப்பது தலித் மக்களின் தெரு. முதலில் தண்ணீர் ஏறுவதும் அங்கேதான். சமுதாயக் கூடமோ ஊர்த் தெருவுக்குள் இருக்கும். அங்கே வரத் தயங்குவார்கள், அல்லது வரவிடாமல் யாராவது முகம் சுளிப்பார்கள். மழை ராத்திரியில் இதைத் தீர்க்க முடியாது. அரசுப் பள்ளிக்கூடத்தை எல்லாருக்கும் பொதுவான இடமாக முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். சமையலுக்கும் காவலுக்கும் இரண்டு தெருவிலிருந்தும் ஆள் போடுங்கள். பள்ளிக்கூடச் சாவி யாரிடம், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பெண்களுக்குத் தனி அறை உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

சுவர், கூரை, கம்பி

நம் பக்கம் வெள்ளம் அடித்துக்கொண்டு போவதை விட, ஊறிய சுவர் இடிந்து சாவது அடிக்கடி நடக்கிறது. 2025 மே மாதம் மதுரைக்குப் பக்கத்து வலையங்குளத்தில் மழையில் நனைந்த வீட்டுச் சுவர் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மண் சுவர் முதல் நாள் மழையில் விழாது. இரண்டு மூன்று நாள் ஊறி, மழை விட்டு வெயில் அடிக்கும்போதுகூட விழும். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மண் உப்பி உதிர்கிறதா, மூலையில் இரண்டு சுவரும் பிரிந்து விரல் நுழைகிறதா, மழைத்தண்ணீர் சுவரடியிலேயே தேங்குகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் தொடர்மழை நாட்களில் அந்த வீட்டில் யாரும் படுக்கக் கூடாது. பட்டியலில் அந்த வீட்டுக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். சுவரைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண் அணைத்து வாட்டம் கொடுத்து, தண்ணீர் வெளியே ஓட ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டால் பல சுவர் பிழைத்துக்கொள்ளும்.

தகரக் கூரையின் மேல் கல்லை வைத்துத் தப்பிக்க நினைப்பது ஆபத்து. காற்றில் தகரத்தோடு கல்லும் பறக்கும். கெட்டிக் கம்பியால் கைமரத்தோடு இழுத்துக் கட்டுங்கள், தகரத்தைப் பிடிக்கும் ஜே போல்ட் துரு ஏறியிருந்தால் மாற்றுங்கள்.

மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியில் மாடு கட்டுவதும், இரும்புக் கம்பியில் துணி காயப்போடுவதும் நம் ஊரில் சாதாரணம். மழைக்காலத்தில் இரண்டும் கொல்லும். துணிக்கு நைலான் கயிறு கட்டச் சொல்லுங்கள். அறுந்து விழுந்த கம்பிக்குக் கிட்டப் போகாதீர்கள். கரண்ட் இல்லை என்று தெரிந்தாலும் போகாதீர்கள். எப்போது திரும்ப வரும் என்று யாருக்கும் தெரியாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. உள்ளூர் லைன்மேன் நம்பரும் வேண்டும். அவர் வந்து ஃபீடரை நிறுத்தும் வரை அந்த வழியில் ஒரு ஆளை நிறுத்தி வையுங்கள்.

சித்திரைக் காற்றும் இடியும்

மழைக்காலத்துக்கு மட்டும் தயாராவது பாதி வேலைதான். சித்திரை, வைகாசியில் நாள் முழுக்கக் காய்ந்துவிட்டு சாயங்காலம் சூறைக்காற்றோடு கோடை மழை இறங்கும். சோழவந்தான், அலங்காநல்லூர், வாடிப்பட்டி வாழைத் தோட்டங்களில் குலை தள்ளிய மரங்கள் இருபது நிமிடத்தில் படுத்துவிடும். சவுக்குக் கம்பு முட்டுக் கொடுப்பது, மண் அணைப்பது, காய்ந்த இலையைக் கழிப்பது எல்லாம் பங்குனியிலேயே முடிய வேண்டும். தென்னையில் முற்றிய காயையும் பழைய மட்டையையும் இறக்கிவிட்டால் கொண்டை பாரம் குறையும். பெருங்காற்று அறிவிப்பு வந்தால் அன்றைக்குத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சாதீர்கள். ஈர மண்ணில் வேர் பிடிப்பு தளரும்.

மின்னல் தாக்கிச் சாகிறவர்களில் பலரும் களை எடுக்கப் போனவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள். மழைக்கு ஒதுங்கப் புளிய மரத்தடிக்கும் பனையடிக்கும் போவதுதான் வினை. மின்னலைப் பார்த்து இடிச் சத்தம் கேட்க முப்பது விநாடிக்குள் ஆனால், மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். பக்கத்தில் கட்டடமே இல்லை என்றால் மரம், கம்பம், கம்பி வேலி மூன்றையும் விட்டு விலகி, கூட்டமாக நிற்காமல் பிரிந்து, கால்களைச் சேர்த்துக் குத்தவைத்து உட்கார வேண்டும். படுக்கக் கூடாது. நடவுக்கு ஆள் கூட்டிப் போகும் அக்காவின் போனில் மின்னலை முன்கூட்டி எச்சரிக்கும் 'தாமினி' செயலியைப் போட்டுக் கொடுத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டிவிடுங்கள். அவர் "ஏறுங்கடி" என்றால் இருபது பேரும் வரப்பேறிவிடுவார்கள். நாம் சொன்னால் யோசிப்பார்கள்.

எச்சரிக்கையை வாசிப்பது

டிவியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று சொல்வது மாவட்டம் முழுமைக்கும். அறிவிப்பில் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை 12 முதல் 20, அதி கனமழை அதற்கும் மேல். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். உங்கள் கண்மாயின் நீர்ப்பிடிப்பு எத்தனை ஏக்கர் என்று தெரிந்தால் அந்தச் செய்தியை வேறு மாதிரி கேட்பீர்கள். தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' செயலி தமிழிலேயே இருக்கிறது.

அதோடு ஊருக்கென்று ஒரு மழைமானி வையுங்கள். பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளவுகோலால் அளந்து எழுதினால் போதும். வானிலை மையமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இதை ஆசையாகச் செய்வார்கள். மேலூரில் பதிவான மழை உங்கள் ஊரில் பெய்ததாக இருக்காது. பின்னால் இழப்பீடு கேட்கும்போது இந்தக் கணக்கு பேச்சுக்குப் பலம் தரும்.

வைகைக் கரை ஊர்களுக்கு அணை மட்டம் முக்கியம். 71 அடி அணையில் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. ஆனால் அணையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மஞ்சளாறும் மருதாநதியும் அணைக்குக் கீழேதான் வைகையில் சேர்கின்றன. சிறுமலையில் பெய்தால் சாத்தையாறு பெருகும். அணையில் 50 அடி இருக்கும்போதும் சோழவந்தான் பக்கம் ஆறு இரண்டு கரையும் தொட்டு வரலாம்.

மழை இறங்கிய ராத்திரி

ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்று சாயங்காலமே சிவப்பு வட்டம் போட்ட வீட்டுக்காரர்களை இடம் மாற்றுங்கள். இருட்டும் முன் முடிய வேண்டும். கோயில் மைக்செட்டில் ஒரு தடவை சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. தெருவுக்கு ஒருவர் கதவைத் தட்ட வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை, பட்டா, பாஸ்புக், மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் கட்டச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறக்கூடிய தொழுவத்தில் மாட்டைக் கட்டி வைத்துவிட்டு யாரும் வரக் கூடாது. முடியாத பட்சத்தில் கயிற்றை அவிழ்த்தாவது விட வேண்டும்.

கரைக் காவலுக்கு எப்போதும் இரண்டிரண்டு பேர். ஒற்றை ஆளாக யாரும் போகக் கூடாது. டார்ச், விசில், நீளக் கயிறு, கம்பு. கரையின் வெளிப்பக்க அடிவாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். கசிவுத் தண்ணீர் தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக, மண்ணைக் கொண்டு வந்தால் கரைக்குள் குழாய் மாதிரி ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து உடைப்பெடுக்க நேரம் ஆகாது. அந்த ஊற்றின் வாயை அடைத்து அமுக்காதீர்கள். அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றிக் கிணற்று உறை மாதிரி மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் உயரும்படி விட வேண்டும். உள்ளே தண்ணீர் ஏற ஏற எதிர் அழுத்தம் கூடி, மண் வருவது நிற்கும். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் வரை நிரப்பினால் போதும். முழுக்க நிரப்பிய மூட்டை உருளும், ஒன்றோடொன்று படியாது. செங்கல் வைப்பது போல மூட்டு மாற்றி அடுக்கி, காலால் மிதித்துப் பதிக்க வேண்டும்.

இதைத் தொடங்கும்போதே ஒருவர் 1077-க்கு, அதாவது மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். மாநில எண் 1070. கண்மாய்ப் பெயர், ஊராட்சி, ஒன்றியம், கரையில் எந்த இடம் என்று சொல்லுங்கள். இன்னொருவர் கீழ் ஊருக்குச் சொல்ல வேண்டும். பயத்தில் யாராவது கரையை வெட்டிவிடலாம் என்பார்கள். நீங்கள் வெட்டுகிற தண்ணீர் அடுத்த ஊரின் மேல்தான் போகும். அந்த முடிவு அதிகாரிகளுடையது.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் இரண்டு பக்கமும் கயிறு கட்டி மறித்துவிடுங்கள். பைக்கில் வருகிற பையன்கள் "முழங்கால் தண்ணிதானண்ணே" என்பார்கள். ஓடும் தண்ணீரில் முழங்கால் ஆழம் ஆளைத் தள்ளும். அடியில் ரோடு அரித்துப் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர் வடிந்தபின் முதல் மூன்று நாள்

முதலில் குடிநீர். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிவிட்டு ஏற்றி, 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது. கடைசித் தெருக் குழாயில் குளோரின் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) காட்டினால்தான் அது சுத்தம். டேங்க் ஆபரேட்டரிடம் அதை அளக்கும் குளோரோஸ்கோப் இருக்கும், கூடவே நின்று பாருங்கள். அதுவரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரே தெருவில் மூன்று பேருக்கு வந்துவிட்டால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். சகதியில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வீட்டில் படுக்க விடாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-இல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பயிர், கால்நடை, காகிதம்

மழை விட்ட பத்து நாளில்தான் ஊர் ஏமாறும். வயலில் தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் மறு வேலைக்கு ஓடிவிடுவார்கள். இழப்பைக் காட்டச் சாட்சி எதுவும் இருக்காது.

பாதிப்பு தெரிந்தவுடன் பயிர்க் காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இலவச எண் 14447, பயிர்க் காப்பீட்டுச் செயலி, வங்கி, வேளாண் அலுவலகம் என்று எந்த வழியிலும் சொல்லலாம். சொன்னதற்கு ஒரு எண் வாங்குங்கள். வயலில் விவசாயியை நிறுத்தி, சர்வே எண் எழுதிய அட்டையைக் கையில் கொடுத்து, தேதியும் இடமும் பதியும் கேமராச் செயலியில் படம் எடுங்கள். ஒரு படம் பயிருக்குக் கிட்டே, ஒரு படம் பின்னால் கோயிலோ பாலமோ தெரியும்படி தூரத்திலிருந்து.

குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் பயிர் வைத்தவர்கள் நிலைமைதான் வேதனை. முதல் போட்டது இவர்கள், பட்டா வேறொருவர் பெயரில். யார் என்ன பயிர் வைத்தார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் சாகுபடி செய்தவர் பெயர் ஏறியிருந்தால்தான் இவர்களுக்கு வழி. அதனால் நடவு முடிந்த கையோடு, புரட்டாசி, ஐப்பசியிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலைச் சரிபார்க்க வேண்டும். நீங்கள் கூடப் போனால் அவர்களுக்கு ஒரு தைரியம்.

அரசு நிவாரணம் காப்பீட்டிலிருந்து தனி. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால்தான் கணக்கில் எடுப்பார்கள். 2023 டிசம்பர் மழைக்குப் பிறகு அரசு அறிவித்தது: பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500, மானாவாரிக்கு 8,500, மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000. இறந்த கால்நடையைக் கிராம நிர்வாக அலுவலரும் கால்நடை மருத்துவரும் பார்க்காமல் புதைத்துவிட்டால் பணம் கிடைப்பது கடினம். நாற்றம் எடுக்கும் என்று அவசரப்படுவார்கள். அன்றே டாக்டரை வரவழைப்பது உங்கள் வேலை. உயிரோடு இருக்கிற ஆடு மாட்டுக்கு அவசர உதவி எண் 1962. துள்ளுமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசியெல்லாம் மழைக்கு முன்னால் போட்டிருக்க வேண்டியவை. விட்டுப்போனதை இப்போதாவது கேளுங்கள்.

நெல் வயலில் முதலில் வடிகால் வெட்டுங்கள். தண்ணீர் வடிந்து பயிர் மஞ்சளாக இருந்தால் யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, பொட்டாஷ் சேர்த்து இடுவது வழக்கம். அளவை உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெற்றிலைக் கொடிக்காலில் ஒரு நாள்கூடத் தண்ணீர் நிற்க விடாதீர்கள். வேர் அழுகினால் கொடி மொத்தமும் போய்விடும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள், அதனால் களத்தில் குவித்த நெல்லுக்குத் தார்ப்பாய் தேடுவதும் அவசர வேலைதான்.

வெளியூரிலிருந்து உதவி வரும். பழைய துணி வேண்டாம் என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். பாய், போர்வை, சமையல் பாத்திரம், கொசுவலை, நாப்கின், டார்ச், பள்ளி நோட்டு, மாட்டுத் தீவனம் கேளுங்கள். லாரியை ஊர் நடுவில் நிறுத்தி வீசினால் கை வலுத்தவனுக்குத்தான் கிடைக்கும். பட்டியல்படி டோக்கன் கொடுத்து வீட்டு வாசலுக்கே கொண்டுபோங்கள். அதையும் கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள்.

இரவில் பிள்ளைகள் இடிச் சத்தம் கேட்டு அலறுவதும், சுவர் போன வீட்டுக்காரர் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் கொஞ்ச நாள் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடியுங்கள். பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் திறக்கப் பாருங்கள்.

மார்கழி முடிவதற்குள் நீர்பாய்ச்சியோடு மறுபடி ஒருமுறை கரையில் நடந்து, எங்கே கசிந்தது, கலுங்கில் எவ்வளவு உயரம் பாய்ந்தது, எந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது என்று எழுதுங்கள். சுவரில் தண்ணீர்க் கறை அழிவதற்குள் பெயிண்டால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஜனவரி 26 கிராம சபையில் உடைப்பு இடத்தின் சர்வே எண்ணோடு, கலுங்கைப் பழைய மட்டத்திலேயே பழுது பார்க்கவும், வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பை அளக்கவும், இடிந்த வீட்டுக்காரர்களை வீடு கட்டும் திட்டத்தில் சேர்க்கவும் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்கி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். மனு எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மே 1 கிராம சபையில் அந்த எண்ணைச் சொல்லித்தான் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்க வேண்டும்.